மஞ்சள் தடவிய தீர்ப்பு

ஒரே ஒரு ஊருல ஒரே ஒரு அக்கா இருந்தாளாம். அவளுக்கு ஒரே ஒரு தம்பி இருந்தானாம். ரெண்டு பேருக்கும் குறுக்கே ஒரு ஏரோபிளேன் வந்து நின்னுச்சாம். நின்னுச்சுன்னா நின்னதுதானுங்க, கிளம்பவே இல்லை.

சிரிக்காதீங்க வாத்தியாரே. கதைன்னா இப்படித்தான் ஆரம்பிக்கோணும். உக்காருங்க. அந்தச் சேர் கால் ஆடும், இதுல உக்காருங்க. பஸ் ஸ்டாண்டுல என்னன்னு கேட்டு வந்தீங்க? நாகமணி வீடுன்னா கேட்டீங்க? அதான் ரெண்டு தெரு சுத்தியிருக்கீங்க. 'ஏரோபிளேன் கேஸ் அக்கா'ன்னு கேட்டிருந்தா ஆட்டோக்காரரே வாசல்ல கொண்டாந்து விட்டிருப்பாரு.

டிக்கெட்டைக் காட்டுங்க. டெல்லியில இருந்தா? ஆறு மணி நேரம் உக்கார வச்சுட்டு அப்புறம் ரத்துன்னு சொன்னானா? சோறு குடுத்தானா? ஒரு பிஸ்கட் பாக்கெட்டு. பாத்தீங்களா! அத்தனை நேரம் உக்கார வச்சா சாப்பாடும் தண்ணியும் அவன் குடுக்கோணும், சட்டம் அது. ரத்துப் பண்ணினா மாத்து விமானமா, முழுப் பணமா, எது வேணும்னு சொல்ற உரிமை நம்மளது. முன்கூட்டியே சொல்லாம கழுத்தறுத்தா அதுக்குத் தனியா நஷ்டஈடு. எனக்கு இதெல்லாம் மனப்பாடமுங்க. கோயில்ல கண்ணை மூடினாக்கூட வாய் இதைத்தான் முணுமுணுக்குது. எங்க வீட்டுக்காரர் கேட்பாரு, "சாமிகிட்ட என்னத்த வேண்டுன, ரீஃபண்டா?"ன்னு. அவரு அப்படித்தான். விடுங்க.

கவுன்டர்ல நின்ன ஆளோட பேரைக் குறிச்சுக்கிட்டீங்களா? இல்லையா? அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க. கம்பெனிக்கு மூஞ்சி கிடையாதுங்க. நமக்குப் பல்லைக் காட்டுன மூஞ்சி எதுவோ அதைத்தான் பிடிக்கோணும். நான் பிடிச்சேன். சுகிர்தா. நெஞ்சுல குத்தியிருந்த அட்டையைப் பாத்து எழுதிக்கிட்டேன்.

முதல்ல இருந்து சொல்றேன்.

என் தம்பி நவநீதன். என்னைவிடப் பதினொரு வயசு சின்னவன். அம்மா போனப்போ அவனுக்கு எட்டு வயசு, அப்புறம் இந்தக் கையிலதான் வளந்தான். அவனுக்குக் கல்யாணம். நீங்க எந்தப் பக்கம்? தஞ்சாவூரா? அப்ப உங்களுக்குத் தெரியாது. எங்க கொங்குக் கல்யாணத்துல இணைச்சீர்னு ஒண்ணு உண்டு. தாலி கட்டுறதுக்கு முன்னாடி, மாப்பிள்ளைகூடப் பொறந்தவளைப் பக்கத்துல உக்கார வச்சு, பொண்ணு கட்டப்போற கூறைச்சேலையை அவ கையில குடுத்து ஒரு சீர் செய்வாங்க. மாப்பிள்ளைக்கு இணையா அவ உக்காந்திருப்பா. நாளைக்கு உனக்குன்னு ஒருத்தி வந்தாலும் என்னை மறந்துராதேன்னு அர்த்தம். ஊரே பாக்கும். ஆயுசுக்கு ஒருக்காத்தான். எனக்கு இருக்கிறதும் ஒரே தம்பி.

கல்யாணத்துக்கு மொதநாள் நான் மும்பையில இருந்தேன். என்ன அப்படிப் பாக்கறீங்க? சும்மா போகலீங்க. வரவேற்புக்குத் தம்பிக்கு ஒரு ஷெர்வானி தைக்கக் குடுத்திருந்தேன். இந்த ஜில்லாவுல எவனும் போட்டிருக்கக் கூடாதுன்னு. கூரியர்ல வரட்டும்னு தம்பி சொன்னான். "கசங்கிப் போனா உம் பொண்டாட்டியா தேய்ப்பா?"ன்னு நானே போயிட்டேன். காலையில பத்தே முக்காலுக்குக் கோயமுத்தூர் விமானம். மத்தியானச் சோத்துக்கு வீட்டுல இருக்கலாம். கணக்கு சரிதானுங்களே?

பத்தே முக்கால் பன்னெண்டாச்சு. பன்னெண்டு ஒண்ணரையாச்சு. ரெண்டு மணிக்கு ரத்துன்னாங்க. தொழில்நுட்பக் காரணமாம்.

அந்தச் சுகிர்தா தமிழ்ப் பொண்ணுதான். தாராவியில பொறந்தவ, பூர்வீகம் தின்னவேலிப் பக்கமாம். நான் தமிழ்ல கத்தினதும் ஓடியாந்தா. "அக்கா, சத்தம் போடாதீங்க. மூணேகாலுக்குப் பெங்களூரு விமானம் இருக்கு. ரெண்டு சீட்டுதான் மிச்சம். உங்களுக்கு ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கேன். அங்க இருந்து கார் எடுத்தா ராத்திரி பத்து பத்தரைக்குப் பெருந்துறை போயிரலாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னா.

கையெழுத்து!

வாங்கிப் பாத்தேன். மாத்து விமானத்தைச் சம்மதிச்சு ஏத்துக்கறேன்னு போட்டிருந்துச்சு. சம்மதிச்சு! யாரு சம்மதிச்சது? எங்க அப்பன் நிலத்தை இப்படித்தானுங்க ஒரு கையெழுத்துல விட்டாரு. "நான் போட மாட்டேன். நீ முதல்ல எழுதிக் குடு. இது எங்க தப்புன்னு எழுதி, சீல் வச்சுக் குடு. அப்புறம் நான் போடறேன்"னேன்.

"அக்கா, அது மேனேஜர்தான் குடுக்கணும். அவரு வர நேரமாகும். சீட்டு போயிரும்கா."

"போகட்டும். என்னை என்ன நாட்டுப்புறம்னு நினைச்சியா?"

"கல்யாணம்னு சொன்னீங்களேக்கா. போட்டுட்டுப் போங்க, சண்டையை வந்து போடலாம்."

பாத்தீங்களா பேச்சை? சண்டைக்காரின்னு எனக்குப் பட்டம் கட்டுறா. நான் கவுன்டரை விட்டு நகரவே இல்லை. மேனேஜர் நாலு மணிக்கு வந்தாரு. எழுதிக் குடுத்தாருங்க! குடுக்க வச்சேன். இதோ, இந்த ஃபைல்ல மொதப் பக்கம். சீல் எவ்வளவு தெளிவா விழுந்திருக்குது பாருங்க. பெங்களூரு விமானம் அதுக்குள்ள போயிருச்சு. மறுநாள் பகல் விமானத்துலதான் அனுப்புனாங்க.

விடியக்காலம் நாலு மணிக்கு இணைச்சீர். ஆறரைக்குத் தாலி. நான் மண்டபத்துக்குள்ள ஷெர்வானிப் பையோட நுழையறப்போ மத்தியானம் மணி மூணு. கடைசிப் பந்தி. வரவேற்பெல்லாம் மொதநாள் சாயங்காலமே முடிஞ்சிருச்சு. வாசல்ல வாழைமரத்தை அவுத்துக்கிட்டு இருந்தான் ஒருத்தன்.

என் இடத்துல யாரு உக்காந்தாங்கறீங்க? தேன்மொழி. எங்க சித்தப்பன் மக. திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறவ. ஒத்தைச் சங்கிலி, அதுவும் கவரிங். அவ என் தம்பிக்கு இணையா உக்காந்து, கூறைச்சேலையை வாங்கி, சீர் முடிச்சு, சீர்ச்சேலை கட்டிக்கிட்டு எனக்கு எதுக்கால வர்றா. மாம்பழக் கலர் பட்டு. நான் எடுத்த பட்டுங்க அது! எனக்குன்னு நான் எடுத்தது.

"அக்கா, வந்துட்டீங்களா? நேரம் தப்பிரும்னு அருமைக்காரரு சொல்லிட்டாருங்கக்கா. உங்களுக்குப் பதிலாத்தான் நான் உக்காந்தேன். இருங்க, உள்ள போய் மாத்திட்டுச் சேலையைக் குடுத்தர்றேன்"னு அழுவுறா. அருமைக்காரருன்னா எங்க சீரையெல்லாம் நடத்தி வைக்கிற பெரியவரு.

"நீயே கட்டிக்கோ. உடுத்துக் கழிச்சதைக் கட்டற அளவுக்கு நான் தாழ்ந்து போகலை"ன்னேன். நல்லாக் கேட்டேனில்லீங்க?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். விடக் கூடாது. ஏரோபிளேன்காரனை விடக் கூடாது, அந்தக் கவுன்டர்க்காரியை விடக் கூடாது, எவளும் இனிமே என் இடத்துல உக்காந்ததை வெளியில பெருமையாச் சொல்லக் கூடாது. மூணையும் ஒரே கேஸ்ல முடிச்சேன்.

வக்கீல் குழந்தைவேலு முதல்ல இழுத்தாரு. "அம்மிணி, டிக்கெட் காசு, ஓட்டல் காசு வாங்கிரலாம். மன உளைச்சலுக்குப் பெருசாக் கேக்கோணும்னா நஷ்டத்தைக் காட்டோணும். சீர்தான் நடந்திருச்சே?"ன்னாரு. எதிர்த்தரப்பு பதில் மனுவும் அதையேதான் சொல்லுச்சு. உறவுமுறைச் சகோதரி ஒருத்தங்க சடங்கைச் செஞ்சு முடிச்சுட்டாங்க, கல்யாணம் சிறப்பா நடந்துச்சு, அதனால நஷ்டம் ஒண்ணும் இல்லை. போட்டோவோட போட்டிருந்தாங்க. போட்டோவுல தேன்மொழி பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

அதைப் பாத்ததும் எனக்குள்ள ஒண்ணு எரிஞ்சுது. "எழுதுங்க வக்கீலய்யா. உரிமையில்லாதவ செஞ்ச சீர் சீரே இல்லை. அதனால அந்தக் கல்யாணமே குறைபட்ட கல்யாணம்னு எழுதுங்க"ன்னேன். அவரு பேனாவை வச்சுட்டு என்னைப் பாத்தாரு. "உங்க தம்பி கல்யாணமுங்க"ன்னாரு. "எனக்குத் தெரியாதா? எழுதுங்க"ன்னேன்.

அந்த ஒரு வரிதான் கேஸு. அதை யோசிச்சது நானு, வக்கீல் இல்லை.

தம்பிக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. பொண்டாட்டி இந்துஜாவைக் கூட்டிக்கிட்டு இங்கதான் வந்தான். நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தான். "அக்கா, கேஸை நடத்து. அவனுகளை விடாதே. செலவு வேணும்னாலும் நான் தர்றேன். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துரு"ன்னான்.

"எடுத்தா கேஸே இல்லைடா."

"இல்லாமப் போகட்டும்கா."

"எனக்கு நடந்தது உனக்குப் பெருசாத் தெரியலை, இல்ல?"

இந்துஜா தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "நங்கையா, ஊருல பேசறாங்க"ன்னா. எங்க பக்கம் நாத்தனாரை நங்கையான்னுதான் கூப்பிடுவாங்க. என்ன பேசறாங்கன்னு கேட்டேன். அவ சொல்லலை, தம்பிதான் சொன்னான். அவளுக்கு மூணாம் மாசம் ஒருக்காக் கலைஞ்சிருக்குது. சீர் குறைபட்ட கல்யாணம், அதான் வயித்துல தங்கலைன்னு எவளோ தண்ணிக் குழாய்கிட்டப் பேசியிருக்கா. அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? நானா சொன்னேன்? நான் நுகர்வோர் ஆணையத்துலதானுங்க சொன்னேன், மனுவுல, முறைப்படி. ஊரு பேசினா ஊரைக் கேக்கோணும். "நல்ல டாக்டராப் பாரு"ன்னு சொல்லி அனுப்பினேன். கையில ஒரு சீப்பு வாழைப்பழமும் குடுத்துத்தான் அனுப்பினேன்.

அப்புறம் கேள்விப்பட்டேன், எதிர்த்தரப்பு வக்கீல் அவனைத் தேடிப் போனாராம். எங்க கல்யாணத்துல குறையில்லைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, உங்க அக்கா கேஸ் உடைஞ்சிரும்னு கேட்டாராம். தம்பி குடுக்கலை. கதவைச் சாத்திட்டானாம். பயந்தாங்கொள்ளி! சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

சுகிர்தா வந்தாளுங்க, ஈரோடு ஆணையத்துக்கு. அவ பேரையும் எதிர்த்தரப்புல சேத்திருந்தேனில்ல? கம்பெனி அவளை அதுக்குள்ள வேலையை விட்டு எடுத்துட்டுதாம். சொந்தக் காசுல, ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து வந்திருக்கா. கூண்டுல ஏறி, "இவங்களுக்குச் சீட்டு பிடிச்சு வச்சேன், இவங்க கையெழுத்துப் போடலை"ன்னா. எங்க வக்கீல் விடலை. மாத்து விமானத்துக்கு எழுத்துல ஆதாரம் இருக்கான்னு கேட்டாரு. இல்லை. நான் கையெழுத்தே போடாத காகிதம் ஒரு ஆதாரமா? எழுத்துல இல்லாதது நடக்காததுங்க.

வெளிய வராந்தாவுல என் பக்கத்துல வந்து நின்னா. நான் திட்டுவான்னு பாத்தேன். "அக்கா, உங்க தம்பி நல்லா இருக்காரா?"ன்னு கேட்டா. எனக்கு வந்துச்சு ஆத்திரம். உனக்கெதுக்குடின்னு கேட்டேன். போயிட்டா. ஆணையம் அவளைக் கேஸ்ல இருந்து விடுவிச்சிருச்சு, அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா வேலை போனது போனதுதானே?

தீர்ப்பு வந்துச்சு. ஜெயிச்சுட்டேன்! கம்பெனி வக்கீல் ஒரு சின்னப் பையன், தீர்ப்பைக் கேட்டுட்டு, "வாழ்த்துகள் மேடம்"னு கையைக் குடுத்துட்டு அடுத்த கேஸுக்கு ஓடிட்டான். மூஞ்சியில ஒரு வாட்டம் வேணுமே? இல்லை. ரெண்டு வருசம் அந்த வாட்டத்தைப் பாக்கத்தானுங்க நான் நடையா நடந்தேன்.

அதனாலதான் நினைச்சேன், இதை இப்படியே விட்டா பத்தாது. ஊரு பாக்கோணும்.

தீர்ப்புல அந்த வரி அப்படியே இருக்குதுங்க. நானே படிக்கிறேன், கேளுங்க. 'மணமகனின் உடன்பிறந்த சகோதரி வர இயலாத நிலையில், உரிமையற்ற ஒருவரால் சீர் நடத்தப்பட்டுத் திருமணம் குறைபட்டது என்ற மனுதாரரின் கூற்றை எதிர்த்தரப்பினர் சான்றுடன் மறுக்கவில்லை.' எப்படி? கவர்மென்ட்டே சொல்லிருச்சு! மறுக்கவில்லைன்னா அதுதானே அர்த்தம்? வக்கீல் அப்படி இல்லைங்கறாரு. அவருக்கு என்ன தெரியும்.

ஜெயிச்சாக் கிடா வெட்டறேன்னு எங்க கருப்பண்ணசாமிக்கு வேண்டியிருந்தேன். தீர்ப்பை அறுபது காப்பி ஜெராக்ஸ் எடுத்தேன். பின்பக்கம் விருந்துத் தேதி, இடம். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவினேன். தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்ச வீட்டுப் பட்டியல் என்கிட்டத்தான் இருந்துச்சு. ஒரு வீடு விடலை. வெத்தலை பாக்கோட தட்டுல வச்சுக் குடுத்தேன், இந்துஜாவோட அம்மா வீட்டுக்கும் சேத்து. எங்க வீட்டுக்காரர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "நான் டிரைவர், உள்ள வர மாட்டேன்"னு உக்காந்துக்கிட்டாரு.

கிடா விருந்துன்னா எங்க பக்கம் யாரும் விட மாட்டாங்க. நூத்தி முப்பது பேர் வந்தாங்க. கோயில் தகரக் கொட்டகையில பந்தி. கறி, குடல், ரத்தப்பொரியல், ஒண்ணும் குறைக்கலை. தேன்மொழிகூட வந்திருந்தா, கூப்பிடாமலே சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுப் பரிமாற நின்னா. தம்பியும் இந்துஜாவும் வந்தாங்க. எனக்கு அப்படியொரு சந்தோசம். கடைசியில என்கிட்டத்தானே வந்து நிக்கறாங்கன்னு நினைச்சேன்.

மொதப் பந்தி உக்காந்தாச்சு. இலையில சோறு விழுந்தாச்சு. தம்பி உக்காரலை. அத்தனை பேருக்கு நடுவுல வந்து, "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"ன்னான்.

"கேளுடா. என்ன வேணும்?"

"தீர்ப்பு தீர்ப்பா இருக்கட்டும். உன் காசு உன் காசு. காகிதத்தை நான் கிழிக்கச் சொல்லலை. வாயால மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. எங்க கல்யாணத்துல ஒரு குறையும் இல்லைன்னு. இவங்க எல்லாரும் கேக்கட்டும். நீ சொன்னா நம்புவாங்க, நீ சொன்னதாலதான் மத்ததையும் நம்பினாங்க. இவளுக்குத் திரும்பவும் நாள் தள்ளியிருக்குதுக்கா. ரெண்டாம் மாசம். தூங்க மாட்டேங்கறா. ஒரே ஒரு வார்த்தைக்கா."

கொட்டகையில கரண்டிச் சத்தம் நின்னுபோச்சு. இந்துஜா என்னையே பாக்கறா. சொல்லலாம்னு வாயைத் திறந்தேனுங்க. சத்தியமாத் திறந்தேன். அப்பத்தான் பாத்தேன், மூணாவது வரிசையில எவனோ செல்போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுக்கறான்.

நீங்க படிச்சவரு, உங்களுக்குப் புரியும். மேல்முறையீட்டுக்கு நாப்பத்தஞ்சு நாள் இருக்குது. அன்னைக்கு முப்பத்தி நாலாவது நாள். குறையில்லைன்னு நானே என் வாயால சொல்லி, அது வீடியோவா அவனுக கையில கிடைச்சா? ரெண்டு வருசம் பட்டதெல்லாம் என்னாகறது?

"பதினோரு நாள் பொறுடா. பதினோரு நாள் கழிச்சு எத்தனை வார்த்தை வேணும்னாலும் சொல்றேன்"னேன். சரியாத்தானே சொன்னேன்? முடியாதுன்னா சொன்னேன்? தேதிதானுங்க கேட்டேன்.

அப்புறம் அவனுக அப்பீலே போகலை, அது வேற விசயம்.

தம்பி திரும்பினான். இந்துஜா கையைப் பிடிச்சான். ரெண்டு பேரும் வண்டியில ஏறிப் போனாங்க. இந்துஜாவோட அப்பா இலையில கையைக்கூட வைக்கலை, எந்திரிச்சாரு. அவங்க சனம் பூராவும் எந்திரிச்சுது. அப்புறம் எங்க சனம். அருமைக்காரர் என் பக்கத்துல வந்து நின்னு, "அம்மிணி, பங்காளி புள்ளையும் பொறந்தவதான். நான்தான் உக்கார வச்சேன். குறையின்னா என்னைக் கேட்டிருக்கோணும்"னுட்டுக் குடையை ஊணிக்கிட்டுப் போயிட்டாரு. கறிச்சோத்தை விட்டுட்டு எந்திரிச்ச சனத்தை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். ரெண்டாம் பந்திக்கு எடுத்து வச்ச இலை பூராவும் காத்துல பறக்குது. வயசானவங்களை இறக்கிவிடறேன்னு எங்க வீட்டுக்காரரும் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு. சமையக்காரன் அண்டாவைக் கழுவி ஏத்திக்கிட்டுப் போனான்.

தேன்மொழி மட்டும் இருந்தா. யாரும் சொல்லாமலே அத்தனை இலையையும் எடுத்தா. கொட்டகையைக் கூட்டினா. மண்ணுல விழுந்து கிடந்த ஜெராக்ஸ் காப்பி ஒண்ணை எடுத்துத் தூசியைத் தட்டிப் படிச்சா. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். உரிமையற்ற ஒருவர். அந்த இடத்துக்கு வந்ததும் விரலை வச்சு நிறுத்தினா.

"ஏக்கா, இதுல என் பேரைக்கூடப் போடலையே"ன்னா.

"போட்டா நீயும் ஒரு கேஸு போடுவே"ன்னு சொன்னேன். தமாசுக்குத்தானுங்க.

அவ சிரிக்கலை. காகிதத்தை மடிச்சு என் கையில குடுத்தா. பைப்புல கையைக் கழுவினா, சேலையை இறக்கி விட்டா. "உங்களுக்குச் சோறு எடுத்து மூடி வச்சிருக்கேன், சாப்பிடுங்கக்கா"ன்னா. திருப்பூர் போற நாலு மணி பஸ்ஸு கோயில் வாசல்லயே நிக்கும், நின்னுச்சு. சீட்டு காலியாத்தான் இருந்துச்சு, அவ ஏறலை. பஸ் கிளம்பிப் போனதுக்கப்புறமும் தார்ரோட்டு ஓரமாவே போனா, திருப்பூர்ப் பக்கமா, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, நடந்தே.